இடுக்கும் தண்ணீரும்: டைல்ஸ் கிரவுட்டைப் பூச, துலக்க, பெயர்க்க

கையில் ஒரு பழைய சாவியோடு குளியலறைக்குப் போங்கள். வாளி வைக்கும் இடத்தில், இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோட்டில் சாவி நுனியை வைத்து, கொஞ்சம் அழுத்தி ஒரு சாண் நீளம் இழுங்கள். மேலே கீறல் மட்டும் விழுந்தால் கிரவுட் நல்ல நிலையில் இருக்கிறது, அழுக்குதான் பிரச்சினை. நீங்கள் நேராக இந்த அத்தியாயத்தின் துலக்கும் பகுதிக்குப் போகலாம். கோலமாவு போல உதிர்ந்தால் எதைப் போட்டுத் தேய்த்தும் பிரயோசனம் இல்லை, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சாவி உள்ளே இறங்கி, நுனியில் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் டைல்ஸுக்கு அடியிலேயே தண்ணீர் குடியிருக்கிறது. அப்படியானால் முழுவதையும் படித்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

கடையில் 'கிரவுட்' என்று கேட்டாலும் 'ஜாயின்ட் ஃபில்லர்' என்று கேட்டாலும் ஒரே பொருளைத்தான் தருவார்கள். பழைய மேஸ்திரிகள் இன்னும் 'ஒயிட் சிமெண்ட் அடிக்கிறது' என்பார்கள், ஏனென்றால் அவர்கள் வெகுகாலம் அதைத்தான் அடித்தார்கள். வெறும் ஒயிட் சிமெண்ட்டைத் தண்ணீரில் கரைத்து இடுக்கில் தேய்த்துவிட்டுப் போனால் அன்றைக்கு வீடு பளிச்சென்று இருக்கும். காயும்போது அது சுருங்கும், மயிரிழை வெடிப்பு விடும், ஒன்றிரண்டு வருடத்தில் மேல்தோல் மாவாகிவிடும். கிரவுட் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் சிமெண்ட்தான். ஆனால் சுருக்கத்தைத் தடுக்க நைசான நிரப்புத்தூளும், ஒட்டுவதற்கும் நெகிழ்வதற்கும் பாலிமரும், நிறப்பொடியும் சரியான விகிதத்தில் கலந்து வருகின்றன. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், ஒரு குளியலறைக் கணக்கில், மேஸ்திரிக்கு இரண்டு நாள் டீக்காசு.

இடுக்கு எதற்கு

'இடுக்கே தெரியாம ஒட்டிக் குடுங்க' என்று வீட்டுக்காரர் கேட்பார், மேஸ்திரியும் சரியென்று பேப்பர் ஜாயின்ட் போட்டுவிடுவார். டைல்ஸும் டைல்ஸும் முட்டிக்கொண்டு, நடுவில் காகிதம்தான் நுழையும் என்பதால் அந்தப் பெயர். சித்திரை வெயிலில் மொட்டைமாடி சுடும்போது மேல்மாடி ஹாலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு, போய்ப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். டைல்ஸும் அடித்தளமும் வெப்பத்தில் ஒரே அளவுக்கு விரிவதில்லை. விரிகிற டைல்ஸுக்கு நகர இடம் இல்லையென்றால் அது மேலே போகும். தவிர, குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் பெட்டிகளில் ஒரே அளவு என்று அச்சிட்டிருந்தாலும் டைல்ஸுக்கு டைல்ஸ் மில்லிமீட்டரில் ஒரு பங்கு முன்னே பின்னே இருக்கும். இடுக்குதான் அந்த வித்தியாசத்தை விழுங்குகிறது.

ஆகவே பிளஸ் வடிவ பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்து, தரையில் குறைந்தது 2 மி.மீ., குளியலறைத் தரையில் 3 மி.மீ. விடச் சொல்லுங்கள். ஒட்டி முடித்த பிறகு ஸ்பேசரைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அப்படியே விட்டு மேலே கிரவுட் அடித்தால் அந்த இடத்தில் மட்டும் கிரவுட் மெல்லிசாகி, ஆறு மாதத்தில் பிளஸ் குறி எட்டிப் பார்க்கும்.

எதை வாங்குவது, எவ்வளவு

சிமெண்ட் கிரவுட் இரண்டு வகை. மணல் கலக்காத நைஸ் வகை 3 மி.மீ. வரையிலான இடுக்குக்கு. அதற்கு மேல் அகலமென்றால் மணல் கலந்தது வேண்டும், இல்லையென்றால் காயும்போது நடுவில் பிளக்கும். பளபளப்பான டைல்ஸின் மேல் மணல் கிரவுட்டைத் தேய்த்தால் கீறல் விழும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது எபாக்ஸி. இதில் சிமெண்ட் கிடையாது. பிசின், கெட்டியாக்கி, நிறத்தூள் என மூன்று பொட்டலம் வரும். தண்ணீர் குடிக்காது, கறை ஏறாது, சாதாரண அமிலத்துக்கு அசையாது. விலை பல மடங்கு. குளியலறைத் தரை, சமையல் மேடை, பாத்திரம் துலக்கும் இடம் மூன்றுக்கும் எபாக்ஸி போடலாம் என்பது என் கட்சி. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அது வீண் செலவு. வெயில் விழும் பால்கனியில் வெள்ளை எபாக்ஸி போடாதீர்கள், மஞ்சளித்துவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் கூட்டி, அதை நீளம் அகலப் பெருக்குத்தொகையால் வகுத்து, வந்ததை டைல்ஸின் கனத்தாலும் இடுக்கின் அகலத்தாலும் பெருக்கி, கடைசியில் 1.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் (600 மி.மீ.), 10 மி.மீ. கனம், 2 மி.மீ. இடுக்கு என்றால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1 கிலோ. ஓரடி டைல்ஸ் (300 மி.மீ.), 8 மி.மீ. கனம், 3 மி.மீ. இடுக்கு என்றால் 40 சதுர அடிக் குளியலறைக்கே கிட்டத்தட்ட அதே 1 கிலோ. ஹாலைவிடக் குளியலறை சின்னதுதானே என்று குறைத்து வாங்கி, பாதியில் கடைக்கு ஓடி, வேறு தயாரிப்புத் தொகுதியில் வந்த பாக்கெட்டை வாங்கிவந்து, ஒரே தரையில் இரண்டு நிறம் காட்டுபவர்கள் ஏராளம். கணக்குக்கு மேல் ஒரு கிலோ சேர்த்து, எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரர்கள் தரைக்கு வெள்ளை கேட்பார்கள். துடைக்கிற தரையில் எந்த வெள்ளைக் கோடும் ஒரு வருடத்தில் பழுப்புச் சாம்பலாகிவிடும். முதலிலேயே பழுப்புச் சாம்பலை வாங்கிவிட்டால் அந்த வருத்தம் இல்லை.

பூசும் நாள்

டைல்ஸை அடெசிவ் பசையில் ஒட்டியிருந்தால் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் கிரவுட் அடிக்கலாம். சிமெண்ட் கலவை மேல் ஒட்டியிருந்தால் அடியில் இருக்கும் ஈரம் வெளியேற இன்னும் சில நாள் வேண்டும், ஒரு வாரம் விட்டால் நல்லது. அவசரப்பட்டு மூடிவிட்டால் அந்த ஈரம் உப்பையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு கோட்டின் வழியாகவே மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். கிரவுட் அடிக்கும் முன், இடுக்கிலிருந்து பிதுங்கி இறுகிய பசையைச் சுரண்டி எடுத்து, தூசியை பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும். இடுக்கு முழு ஆழத்துக்கும் காலியாக இருந்தால்தான் கிரவுட்டுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

இனி, எல்லாக் கெடுதலும் தொடங்கும் இடத்துக்கு வருவோம். அது கலக்கும் சட்டி.

எங்கள் வீட்டு மாடிக் குளியலறைக்கு வந்த மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். கை சுத்தம், டைல்ஸ் மட்டம் நூல் பிடித்தது போல இருக்கும். கிரவுட் நாளில் பொடியைச் சட்டியில் கொட்டிவிட்டுப் பக்கெட்டிலிருந்து சொம்பால் மோந்து மோந்து ஊற்றினார்.

"அண்ணே, தண்ணி அளக்கலியா?"

"கை சொல்லும் சார்."

கை சொன்னதை நானும் பார்த்தேன், தோசைமாவு பதத்துக்கு ஓடியது. அப்படி இருந்தால் இடுக்குக்குள் தானாக இறங்கும், இழுக்க வேகமாக வரும், அரை நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் காயும்போது ஆவியாகப் போய், அது இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்லும். நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். அந்தத் துளைகளில்தான் அடுத்த பத்து வருடத்துச் சோப்பும் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும். அன்றைக்கு ஒரு சொம்பு தண்ணீரில் மிச்சம் பிடித்த நேரத்துக்கு, வீட்டில் இருக்கும் பெண்கள் பிரஷ்ஷும் கையுமாகக் குனிந்து வட்டி கட்டுகிறார்கள்.

அளப்பது எளிது. பாக்கெட்டின் பின்னால் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். பெரும்பாலான நைஸ் வகைகளுக்கு ஒரு கிலோவுக்கு 300 மில்லிக்கு அக்கம்பக்கம் வரும். மருந்து பாட்டில் மூடியோ சமையல் அளவுக் கோப்பையோ போதும். முதலில் தண்ணீரை ஊற்றி, பொடியை அதில் தூவிக் கிளறுங்கள். கட்டி இல்லாமல் கலந்ததும் அப்படியே ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த நேரத்தில்தான் பாலிமர் கரையும். பிறகு ஒரு தடவை மறுபடி கிளறுங்கள், ஆனால் தண்ணீர் சேர்க்காதீர்கள். பதம் என்பது பல்விளக்கும் பேஸ்ட்டுக்கும் வேர்க்கடலைச் சட்னிக்கும் நடுவே. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் கொத்தாக நிற்க வேண்டும், வழியக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் தீர்க்கிற அளவுக்குத்தான் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதும் 'கொஞ்சம் தண்ணி தெளிச்சு' உயிர்கொடுக்கப் பார்த்தால் அந்தச் சட்டியில் இருப்பது குப்பை.

பூசுவதற்கு அடியில் ரப்பர் ஒட்டிய பலகைக் கரணை வேண்டும். அதைத் தரையோடு சாய்த்துப் பிடித்து, கோட்டுக்குக் குறுக்கே, மூலைவாக்கில் தள்ள வேண்டும். கோட்டின் நீளவாக்கில் இழுத்தால் கரணையின் விளிம்பு இடுக்குக்குள் இறங்கி உள்ளே இருப்பதையே வழித்து எடுத்துவிடும். முதல் முறை அழுத்தி நிரப்புவதற்கு, இரண்டாம் முறை கரணையை நிமிர்த்தி மிச்சத்தை வழிப்பதற்கு. ஒரு நேரத்தில் நாலடிக்கு நாலடிக்கு மேல் போகாதீர்கள். மே மாதத்தில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, விடியற்காலையில் தொடங்குங்கள்.

பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் கோடு கொஞ்சம் மங்கி இறுகும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. இப்போது ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டுக்கூட விழாதபடி பிழிந்து, மறுபடி மூலைவாக்கில் ஒரே ஒரு இழுப்பு. ஸ்பாஞ்சைத் திருப்பி அடுத்த இழுப்பு. பிறகு அலசல். நம்மூரில் இந்த வேலைக்குப் பனியன் வேஸ்ட் அல்லது சாக்குத் துணி எடுப்பார்கள், தவறில்லை. ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்தால் சட்டியில் அளந்தது எல்லாம் வீண். மேல்நிறத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய், கோடு பள்ளமாகி நிற்கும். டைல்ஸ் மேல் படிந்த வெண்படலத்தை இரண்டு மூன்று மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும்.

ஒரு நாள் கழித்து நடக்கலாம். மூன்று நாள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்கக் கூடாது, ஒரு வாரம் ஊற்றிக் கழுவக் கூடாது. இந்த இடத்தில்தான் கிரகப்பிரவேசம் குறுக்கே வரும். முகூர்த்தம் வியாழக்கிழமை விடிகாலை என்றால் கிரவுட் புதன்கிழமை இரவு அடிக்கப்படும். விடிந்தால் வாசலில் மாட்டைக் கூட்டிவருவார்கள், ஹாலில் ஹோமம், பால் பொங்கும், நூறு பேர் ஈரக்காலோடு நடப்பார்கள், மத்தியானம் பந்தி முடிந்ததும் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுத் தள்ளுவார்கள். பதினாறு மணி நேரம்கூட ஆகாத கிரவுட் அதில் பாதி கரைந்து போகும். நாள் பார்க்கும்போது ஜோசியரிடம் கேட்பதோடு டைல்ஸ் ஆளிடமும் ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எபாக்ஸிக்கு முறை வேறு. மூன்று பொட்டலங்களையும் கம்பெனி சொன்ன விகிதத்தில் மொத்தமாகவோ, தராசில் நிறுத்துப் பிரித்தோ கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும், ஆகவே கலந்ததும் தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். துடைக்க வெள்ளை நைலான் பேட் வேண்டும், பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பேட் பளபளப்பைக் கீறிவிடும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். அன்றைக்குத் துடைக்காமல் விட்ட படலம் மறுநாள் கல். எபாக்ஸி பழக்கம் இல்லாத மேஸ்திரியிடம் முதல் தடவை உங்கள் வீட்டில் பழகச் சொல்லாதீர்கள். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், கையுறை கட்டாயம்.

சுவரும் தரையும் சேரும் மூலை, வாஷ்பேசின் விளிம்பு, கம்மோடைச் சுற்றி, இங்கெல்லாம் எந்தக் கிரவுட்டும் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைகிற இடத்தில் கெட்டிப்பொருள் வெடிக்கத்தான் செய்யும். அதே நிறத்தில் சிலிக்கான் சீலன்ட் ட்யூப் வாங்கி அடைக்க வேண்டும். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானை மார்பிளுக்குப் போடாதீர்கள், கறை விடும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேளுங்கள்.

துலக்கும்போது

தினமும் மாப் போட்டும் கோடு ஏன் கறுக்கிறது என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். மாப் போடுவதால்தான். டைல்ஸைவிடக் கோடு மயிரிழை தாழ்வு. ஒரே பக்கெட் தண்ணீரில் வீடு முழுக்கத் துடைக்கும்போது அழுக்குத் தண்ணீர் கோட்டில் தேங்கி, அங்கேயே காய்கிறது. அறைக்கு அறை தண்ணீர் மாற்றி, கடைசியில் ஒரு தடவை வெறும் தண்ணீரில் பிழிந்து துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மிச்சப் பாதிக்கு, கறை எதனால் வந்தது என்று பார்த்துத்தான் மருந்து. தரையில் படிந்த சாதா அழுக்குக்கும் எண்ணெய்க்கும் வெந்நீரில் சலவை சோடா அல்லது பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துணியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சாமல் விட்டால் கரைந்த அழுக்கு திரும்பவும் அதே துளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இரும்பு பிரஷ் வேண்டாம். உதிர்ந்த கம்பித்தூள் துருப்பிடித்துப் புதுக் கறை வைக்கும்.

குளியலறைக் கறுப்பு பூஞ்சை. ரோஸ் நிற வழுவழுப்பு, சோப்பு மிச்சத்தைத் தின்று வளரும் பாக்டீரியாப் படலம். இரண்டுக்கும் ப்ளீச் திரவம் அல்லது ப்ளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம், எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். அந்த நாளில் ஆசிட்டையோ, ஆசிட் கலந்த டாய்லெட் திரவத்தையோ அந்த அறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத குளியலறையில் ஆளைச் சாய்த்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடும் ப்ளீச்சைச் சேர்க்கக் கூடாது.

அடுப்புக்குப் பின்சுவரில் மஞ்சள்தூள் கறைக்குச் சோடா மாவைக் குழைத்துத் தடவுவீர்கள், கறை சட்டென்று செங்கல் நிறமாக மாறிப் பயமுறுத்தும். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும், வெற்றிலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து ஆலம் கரைக்கிறோமே, அதே சங்கதி. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கோட்டின் மேல் ஒட்டிவையுங்கள், ஒரு மணி நேரத்தில் வெளுக்கும். வெயில் விழுகிற இடமானால் ஒன்றும் செய்ய வேண்டாம், சூரியனே பார்த்துக்கொள்வார்.

போர்த் தண்ணீரில் இரும்பு இருக்கும் ஊர்களில் கோடு துருநிறம் ஏறும். இதற்கு ப்ளீச் போட்டால் இரும்பு இன்னும் துருவாகிக் கறை பலப்படும். ஆக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கி வேண்டும், கையுறையோடு, குழந்தைகள் இல்லாத நேரத்தில். பூஜையறையிலும் வாசற்படியிலும் கோலத்துக்கு இட்ட காவியும் ஒரு வகை இரும்புத் துருதான், ஆனால் நுண்தூளாகத் துளைக்குள் இறங்கியிருக்கும். தேய்த்தால் பாதி போகும், மிச்சத்தை அழகென்று ஒத்துக்கொள்வது மேல்.

இப்போது உப்புக்கறை. குழாய்க்குக் கீழே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும், அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலத்தில்தான் கரையும். சிக்கல் என்னவென்றால் சிமெண்ட் கிரவுட்டும் அமிலத்தில் கரையும். என் முதல் வீட்டில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். தெருவில் சைக்கிளில் வருபவரிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி, நேராக ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்குதான் பொங்குகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தரை கோயில் படிக்கட்டு போல வெளுத்தது. மாதம் ஒருமுறை என்று இரண்டு வருடம் ஊற்றினேன். ஒருநாள் தரையில் உட்கார்ந்து பார்த்தால் டைல்ஸுக்கு நடுவே கோடே இல்லை, சின்ன வாய்க்கால்தான் இருந்தது. நுரைத்ததில் பாதி என் கிரவுட். அந்தப் பாட்டில்களுக்கு நான் மொத்தமாகக் கொடுத்த காசில் எபாக்ஸியே போட்டிருக்கலாம்.

உப்பை எடுக்க முறை இதுதான். முதலில் பிளாஸ்டிக் பட்டையால் முடிந்தவரை சுரண்டுங்கள். பிறகு அந்த இடத்தை நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். துளைகளில் தண்ணீர் நிரம்பியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காது, மேலேயே நின்று வேலை செய்யும். மளிகைக்கடை சிட்ரிக் ஆசிட் இரண்டு ஸ்பூனை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, உப்பின் மேல் மட்டும் தடவி, ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவி, கடைசியாகச் சோடாமாவுத் தண்ணீரால் ஒரு அலசல். வினிகரும் இதே குணம்தான், 'இயற்கை' என்பதற்காகக் கிரவுட் அதை மன்னிக்காது. கழிவறைத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அது பீங்கானுக்கு மட்டும். ஆத்தங்குடித் தரை வைத்திருப்பவர்கள் எந்த அமிலத்தையும் தொடக் கூடாது. கண்ணாடி மேல் வார்த்தெடுத்த அந்தச் சிமெண்ட் பூக்கள் கிரவுட்டோடு சேர்ந்தே கரையும்.

துலக்கி, இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த சிமெண்ட் கிரவுட்டுக்கு உள்ளிறங்கும் வகை சீலர் ஒரு கோட்டிங் கொடுக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் சீலர் உயிரோடு இருக்கிறது, உறிஞ்சினால் மறுபடி அடிக்கும் காலம். எபாக்ஸிக்கு இது தேவையில்லை.

பெயர்த்தெடுக்க

உதிர்ந்த கிரவுட்டின் மேலேயே புதியதைத் தடவிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. பப்படம் போல அது மழைக்காலத்துக்குள் உரிந்துவிடும். டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது பழையதை எடுத்தால்தான் புதியது நிற்கும்.

தொடங்கும் முன் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் சரி, 'டொக்' என்று பானை சத்தம் கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. ஆடுகிற டைல்ஸைச் சுற்றி எத்தனை முறை கிரவுட் அடித்தாலும் வெடிக்கும், முதலில் டைல்ஸை ஒட்ட வேண்டும்.

சிமெண்ட் கிரவுட்டுக்குக் கார்பைடு நுனிச் சுரண்டியோ கிரவுட் ரம்பமோ போதும். இரண்டும் கிடைக்காவிட்டால் ஒடிந்த ஆக்சா பிளேடு ஒன்றுக்குத் துணிச்சுற்றிக் கைப்பிடி செய்துகொள்ளுங்கள், பேப்பர் ஜாயின்ட்டுக்குள் போகிற கருவி உண்மையில் அது ஒன்றுதான். கோட்டின் நட்டநடுவில் முதல் கீறல், ஐந்தாறு இழுப்பில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பிறகு இரண்டு கரையையும் நடுவை நோக்கிச் சுரண்டி விழவையுங்கள். ஸ்குரூ டிரைவரை விட்டு டைல்ஸ் விளிம்பில் முட்டுக்கொடுத்து நெம்பினால் கிரவுட் வராது, விளிம்புதான் தெறிக்கும். ஓரடிக் கோட்டுக்கு முதலில் பத்து நிமிடம் ஆகும், மூன்றாவது கோட்டில் கை பழகி நான்கு நிமிடத்துக்கு வரும். ஒரு குளியலறைத் தரை என்பது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையோடு.

மேஸ்திரி மார்பிள் கட்டரை எடுப்பார். நிதானமான கை என்றால் பெரிய ஹாலுக்கு அது சரி. 2 மி.மீ. இடுக்கில் பிளேடு கொஞ்சம் விலகினாலும் டைல்ஸில் நிரந்தர வெட்டு, குளியலறைச் சுவரில் உள்ளே ஓடும் குழாயும் ஆபத்தில் இருக்கும். அதைவிட அதிர்ந்து வெட்டும் மல்ட்டி டூல் சாந்தமானது, வாடகைக்கும் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் கிளம்புவது சிலிக்கா தூசி, நுரையீரலில் தங்கும். கர்ச்சீப் போதாது, நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். உங்களுக்கு மட்டும் அல்ல, வேலைக்கு வந்தவருக்கும் வாங்கிக்கொடுங்கள். கையால் சுரண்டும்போது கோட்டை லேசாக நனைத்துக்கொண்டால் தூசி அடங்கும்.

எபாக்ஸியைப் பெயர்ப்பது தனி வேதனை. சூடு காட்டினால் இளகும். ஹீட் கன்னால் ஒரு சாண் சூடாக்கி, இளகியதும் சுரண்டி, அடுத்த சாண். ஒரே இடத்தில் நின்றால் டைல்ஸ் வெடிக்கும்.

சுரண்டி முடித்ததும் தூசியை வாக்குவம் அல்லது பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, குளியலறையை இரண்டு மூன்று நாள் பூட்டிவையுங்கள். எபாக்ஸி போடப்போகிறீர்கள் என்றால் உள்ளே துளி ஈரம் இருக்கக் கூடாது.

கீழ்வீட்டுக்காரர் 'உங்க பாத்ரூம் எங்க சீலிங்ல ஒழுகுது' என்று வந்து நின்றால் உடனே கிரவுட்டைப் பெயர்க்காதீர்கள். கிரவுட் தண்ணீரைத் தடுக்கும் அணை கிடையாது, அந்த வேலையைச் செய்ய டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் இருக்க வேண்டும். இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பூட்டுங்கள், மாடித் தொட்டித் தண்ணீர் மட்டும் குழாயில் இருக்கட்டும். பூட்டியும் சொட்டு நிற்கவில்லையென்றால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. நின்றுவிட்டால், அடுத்து வடிகுழிக்குள் மட்டும் நேராக ஒரு பக்கெட் ஊற்றிப் பாருங்கள். அதில் ஒழுகினால் கழிவுக்குழாய். அதற்கும் ஒழுகாமல், தரையில் ஊற்றினால் மட்டும் ஒழுகினால் அப்போது கிரவுட்டையும் மூலைகளையும் பெயர்த்து எபாக்ஸியும் சிலிக்கானும் போட்டுப் பார்க்கலாம். ஓரளவுக்கு நிற்கும். வாட்டர்ப்ரூஃபிங் அடியோடு போயிருந்தால் தரையை எடுத்துத்தான் ஆக வேண்டும், அது அடுத்த அத்தியாயம்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். சிமெண்ட் என்பதால் அது ஒரு வருடத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. அதனால் பாக்கெட்டிலிருந்து கம்பெனி பெயர், நிற எண், வாங்கிய தேதி மூன்றையும் பார்த்து, சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கதவில் நாலு வரி இருக்கிறது. கடைசி வரியில், எந்த மேஸ்திரி எத்தனை மில்லி தண்ணீர் ஊற்றினார் என்பதும்.